தராசு சொன்னது ஒன்று, பில்லில் விழுந்தது ஒன்று



நம்மில் பலர் கடையில் எலெக்ட்ரானிக் தராசு வைத்திருக்கிறோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு கம்ப்யூட்டர் பில்லுக்கும் பழகி விட்டோம். அடுத்த படியாக, தராசில் விழும் எடை ஆள் கை படாமல் நேராகப் பில்லில் ஏற வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். நல்ல ஆசைதான். கை எழுத்துப் பிழை குறையும், நேரம் மிச்சமாகும், குடோனில் ஆள் மாறினாலும் கணக்கு மாறாது. ஆனால் தராசுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு பேச்சு வார்த்தை இருக்கிறது. அந்தப் பேச்சில் ஒரே ஒரு வார்த்தை பிசகினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்து கொண்டேன். நீங்களும் பட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். ஆகவே எனக்குப் புரிந்த பாஷையிலேயே சொல்கிறேன்.

நடந்தது என்ன?

ராயபுரத்தில் எங்களுக்கு மொத்த மளிகைக் கடை. குடோன் பின் தெருவில். கடைக் கம்ப்யூட்டருக்கும் குடோன் தராசுக்கும் நடுவே சுமார் அறுபது மீட்டர் தூரம். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை அறுபது கிலோ மூட்டையாகவும், சித்தோடு வெல்லம் முப்பது கிலோ சிப்பமாகவும் வருவது உங்களுக்குத் தெரியும். வெல்லம் காய்ந்தால் எடை இறங்கும், ஈரம் ஏறினால் கூடும். அதனால் சிப்பத்தை அப்படியே கணக்கில் எடுக்காமல், ஒவ்வொன்றையும் எடை போட்டுத்தான் கொடுப்போம்.

தராசை இணைத்துக் கொடுக்க ஒருவர் வந்தார். தராசின் பின்னால் ஒன்பது ஊசி உள்ள ஒரு சாக்கெட் இருந்தது. அதிலிருந்து ஒரு கேபிளை எடுத்து, கையகலப் பெட்டி ஒன்றில் சொருகினார். பெட்டியின் மறுபக்கத்தில் நெட்வொர்க் கேபிள். ஒரு சர்க்கரை மூட்டையைத் தராசில் ஏற்றினோம். தராசில் 50.650. கம்ப்யூட்டரிலும் 50.650. ஐந்து கிலோ படிக்கல்லை வைத்தோம். இரண்டிலும் 5.000. எல்லோருக்கும் சந்தோஷம். டீ சாப்பிட்டுவிட்டு, பணத்தை வாங்கிக் கொண்டு அவர் போய்விட்டார்.

பதினோராம் நாள், பத்துச் சிப்பம் வெல்லம் எடுத்துப் போன சில்லறைக் கடைக்காரர் ஒருவர் சாயங்காலமே திரும்பி வந்தார். இருபது வருஷப் பழக்கம். சத்தம் போடவில்லை. பில்லை மேஜையில் வைத்து, "ஏனுங்கண்ணா, எம்பட தராசு பொய் சொல்லுதா, உங்க தராசு பொய் சொல்லுதாங்க?" என்று கேட்டார். நாலு சிப்பத்தில் வித்தியாசம். இரண்டு சிப்பம் அவர் தராசில் 30.150, ஒன்று 30.250. எங்கள் பில்லில் மூன்றுமே 30.50. இன்னொன்று அவரிடம் 30.400, எங்கள் பில்லில் 30.00. அதில் அவருக்கு 400 கிராம் லாபம். அதையும் அவரே சொன்னார். கூட்டிக் கழித்தால் 550 கிராம் எங்கள் பக்கம் அதிகமாக ஏறியிருந்தது.

அந்தச் சிப்பங்களை எங்கள் குடோன் தராசிலேயே மறுபடி ஏற்றினோம். தராசின் முகப்பில் 30.150 என்றே காட்டியது. கம்ப்யூட்டரில் 30.50. ஆக, தராசு பொய் சொல்லவில்லை. நடுவில் இருந்தவர்தான் மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

சீரியல் போர்ட் என்றால் என்ன?

தராசின் பின்னால் இருக்கும் அந்த ஒன்பது ஊசிச் சாக்கெட்டுக்கு சீரியல் போர்ட் என்று பெயர். அதன் மின்சார விதிகளுக்கு ஆர்.எஸ்.232 என்று பெயர். அமெரிக்காவில் 1960-ல் டெலிபிரிண்டர், மோடம் ஆகியவற்றுக்காக வகுத்தது. 1981-ல் வந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டரும் இதையே வைத்துக் கொண்டது. இன்று புதிதாக வாங்கும் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலானவற்றில் இந்தச் சாக்கெட் கிடையாது. ஆனால் தராசு, லாரி எடை மேடை, பால் சங்கத்தில் பால் அளக்கும் கருவி என்று எடை, அளவு சார்ந்த சாதனங்களில் இன்னமும் உயிரோடு இருக்கிறது. காரணம், எளிமையானது, மூன்றே கம்பியில் வேலை முடிந்து விடும்.

சீரியல் என்றால் வரிசை. மூட்டைகளை ஒரே சமயத்தில் லாரியிலிருந்து கொட்டாமல், ஒவ்வொன்றாகப் பலகையில் சறுக்கி விடுவது போல, எண்களை ஒவ்வொரு துணுக்காக ஒரே கம்பியில் அனுப்புவது. இந்தத் துணுக்குக்கு 'பிட்' என்று பெயர். ஒவ்வொரு பிட்டும் ஒன்று அல்லது பூஜ்யம், அவ்வளவுதான்.

மூட்டை சறுக்கி வரும் வேகமும், எத்தனை மூட்டை ஒரு கணக்கு என்பதும், மேலே தள்ளுகிறவருக்கும் கீழே பிடிக்கிறவருக்கும் ஒன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்த உடன்பாட்டைத்தான் 'செட்டிங்' என்கிறார்கள். அனுப்புகிற தராசிலும், வாங்குகிற பெட்டியிலும் ஐந்து விஷயங்கள் ஒத்துப் போக வேண்டும்.

ஐந்து உடன்பாடுகள்

முதலாவது, வேகம். இதற்கு 'பாட் ரேட்' என்று பெயர். பிரான்ஸ் நாட்டுத் தந்திப் பொறியாளர் எமில் போடோ என்பவரின் பெயரிலிருந்து வந்தது. (நமக்குத் தந்தி சேவை 2013 ஜூலையோடு நின்று போனது, அவர் பெயர் மட்டும் தராசுக்குள் நிற்கிறது.) தராசுகளில் 2400, 4800, 9600 ஆகியவை அதிகம். 9600 என்றால் விநாடிக்கு 9600 பிட். ஓர் எழுத்துக்குத் தொடக்கம், முடிவு எல்லாம் சேர்த்துப் பத்து பிட் ஆவதால் விநாடிக்கு 960 எழுத்து. ஓர் எடைக்குப் பத்துப் பதினைந்து எழுத்துதான். ஆகவே 2400 வேகமே நமக்குத் தாராளம். வேகம் கூடினால்தான் நல்ல தராசு என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது, டேட்டா பிட். ஓர் எழுத்துக்கு எத்தனை பிட் என்பது. ஏழு அல்லது எட்டு.

மூன்றாவது, பேரிட்டி. இது ஒரு சரிபார்ப்பு. குடோனில் மூட்டை எண்ணும்போது கடைசியில் ஒரு கோடு போட்டுக் கணக்கை நேர் செய்வது போல, எழுத்தில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப் படையாக வரும்படி கடைசியில் ஒரு பிட்டைச் சேர்ப்பார்கள். இதற்கு 'ஈவன்' என்று பெயர். ஒற்றைப் படையாக வரச் செய்தால் 'ஆட்'. சரிபார்ப்பே வேண்டாம் என்றால் 'நன்'.

நான்காவது, ஸ்டாப் பிட். ஓர் எழுத்து முடிந்தது என்று சொல்லும் அடையாளம். பெரும்பாலும் ஒன்று.

ஐந்தாவது, ஃப்ளோ கன்ட்ரோல். 'கொஞ்சம் நிறுத்து, கை ஓயவில்லை' என்று வாங்குகிறவர் அனுப்புகிறவருக்குச் சொல்லும் ஏற்பாடு. பிரிண்டருக்குத் தேவைப்படும். தராசு அனுப்புவது கொஞ்சம்தான் என்பதால் பெரும்பாலும் 'நன்' என்றே வைப்பார்கள். மூன்று கம்பி மட்டும் உள்ள கேபிளில் கம்பி வழியான ஃப்ளோ கன்ட்ரோலைப் போட்டு வைத்தால், வராத சைகைக்குக் காத்திருந்து ஒன்றுமே பேசாமல் நின்று விடும்.

இந்த உடன்பாட்டைச் சுருக்கமாக '9600, 8, நன், 1' என்றோ, '2400, 7, ஈவன், 1' என்றோ தராசின் கையேட்டில் அச்சிட்டிருப்பார்கள். இந்த ஒரு வரியைத்தான் முதலில் தேட வேண்டும்.

எங்களுக்கு எங்கே பிசகியது?

எங்கள் தராசு 7, ஈவன், 1. பெட்டியில் இருந்ததோ 8, நன், 1. கடையிலிருந்து வந்தபோது இருந்த செட்டிங் அதுதான். வேகம் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருந்தது.

ஏழு டேட்டா பிட்டும் ஒரு பேரிட்டி பிட்டும் சேர்ந்தால் எட்டு. பெட்டியும் எட்டையே எதிர்பார்க்கிறது. ஆகவே இரண்டும் சண்டை போடாமல் ஓடுகின்றன. ஆனால் தராசு சரிபார்ப்புக்கு அனுப்பிய எட்டாவது பிட்டைப் பெட்டி எழுத்தின் ஒரு பகுதியாக எடுத்துக் கொள்கிறது.

இதில்தான் சூட்சுமம். எண்களுக்கான குறியீட்டில் 0 என்ற எண்ணில் இரண்டு ஒன்றுகள். 3, 5, 6, 9 ஆகியவற்றில் நான்கு ஒன்றுகள். தசமப் புள்ளியிலும் நான்கு. இவை ஏற்கெனவே இரட்டைப் படை. எட்டாவது பிட் பூஜ்யம். எழுத்து மாறாமல் அப்படியே வந்து சேரும். ஆனால் 1, 2, 4, 8 ஆகியவற்றில் மூன்று ஒன்றுகள், 7-ல் ஐந்து. இரட்டைப் படையாக்க எட்டாவது பிட்டில் ஒன்று சேரும். பெட்டி அதையும் சேர்த்துப் படித்தால் அது எண்ணாக இல்லாமல் வேறு ஏதோ குறியாகி விடும்.

எங்கள் பில் புரோகிராம் எண்ணையும் புள்ளியையும் மட்டும் வைத்துக் கொண்டு, தெரியாத குறிகளைச் சத்தமில்லாமல் தள்ளி விட்டது. 30.150-ல் 1 உதிர்ந்தது, 30.50 மிஞ்சியது. 30.400-ல் 4 உதிர்ந்தது, 30.00 மிஞ்சியது. முதல் நாள் சோதனை செய்த 50.650-லும் 5.000-லும் உதிரும் எண் ஒன்றுகூட இல்லை! அன்றைக்குப் பத்துக் கிலோ கல்லை வைத்திருந்தாலே குட்டு உடைந்திருக்கும்.

சில சமயம் 29.850 என்பது 9.50 என்று வந்திருக்கிறது. பில் போடும் பையன், 'லைன் கோளாறு' என்று நினைத்து, தராசைப் பார்க்கச் சொல்லிக் கையால் அடித்திருக்கிறான். 30.50 என்று இரண்டே தசமம் வந்ததைப் பார்த்த நானும், கடைசிப் பூஜ்யத்தைக் கம்ப்யூட்டர் விட்டு விட்டது என்று நினைத்துக் கொண்டேன். முழுப் பொய்யை யாரும் கண்டுபிடித்து விடுவார்கள். முக்கால் உண்மையோடு கலந்து வருவதுதான் ஆபத்து. வேகம் தவறாக இருந்திருந்தால் முதல் நிமிஷமே கன்னா பின்னா என்று வந்து தப்பு தெரிந்திருக்கும்.

பதினோரு நாள் பில்லையும் எடுத்துப் பார்த்தோம். இரண்டு தசமத்தோடு நின்ற எடை எல்லாம் எண் உதிர்ந்தவை. .50 என்று முடிந்தது உண்மையில் .150 ஆக இருக்கலாம், .250 அல்லது .450 ஆக இருக்கலாம்; .750, .850 ஆகவும் இருக்கலாம். எது என்று இனித் தெரியாது. வாடிக்கையாளருக்கு அதிகபட்ச நஷ்டம் 350 கிராம். ஆகவே அப்படி முடிந்த ஒவ்வொரு மூட்டைக்கும் 350 கிராம் என்று போட்டு அந்தந்தக் கடைக்கு வரவு வைத்தோம். .00 என்று முடிந்தவற்றில் எங்களுக்குத்தான் நஷ்டம். அதை யாரிடமும் கேட்கவில்லை. வெல்லம் கிலோ ஐம்பது ரூபாய் என்று வைத்தால் 350 கிராம் பதினேழரை ரூபாய்தான். ஆனால் எடையில் பேர் கெட்டால் அதற்கு விலை போட முடியுமா?

பெட்டி எதற்கு? அதில் என்ன செட்டிங்?

ஆர்.எஸ்.232 கேபிளுக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை ஐம்பது அடி, அதாவது பதினைந்து மீட்டர். எங்கள் குடோன் தூரத்துக்கு அது எட்டாது. நெட்வொர்க் கேபிள் நூறு மீட்டர் வரை போகும். ஆகவே நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அதுதான் அந்தப் பெட்டி. சீரியல் டு ஈதர்நெட் கன்வெர்ட்டர் என்றும், சீரியல் டிவைஸ் சர்வர் என்றும் கேட்டால் கொடுப்பார்கள். பனியன் கம்பெனிகளில் துணி எடை போடும் தராசுகளுக்கும் இதை வைக்கலாம்.

தராசு கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தால் பெட்டி வேண்டாம், யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் கேபிள் போதும். ஆனால் அதை வேறு துளையில் மாற்றிச் சொருகினால் காம் போர்ட் எண் மாறிவிடக் கூடும். பில் புரோகிராம் பழைய எண்ணையே தேடிக் கொண்டிருக்கும். எந்தத் துளை என்று ஒரு பொட்டு வைத்து விடுங்கள்.

பெட்டிக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் தராசைப் பார்க்கிறது. மறுபக்கம் கம்ப்யூட்டரைப் பார்க்கிறது. தராசுப் பக்கத்துக்கு மேலே சொன்ன ஐந்து உடன்பாடுகள். கம்ப்யூட்டர் பக்கத்துக்கு வேறு சில உண்டு.

ஒன்று, ஐ.பி. முகவரி. நெட்வொர்க்கில் பெட்டியின் கதவு எண் இது. 192.168.1.50 என்பது போல இருக்கும். இதை ரூட்டர் தானாகக் கொடுக்கும்படி விட்டால், கரண்டு போய் வந்த பிறகு வேறு எண் கொடுத்து விடலாம். கம்ப்யூட்டர் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக் கொண்டிருக்கும். ஆகவே நிலையான முகவரியாக வையுங்கள். அந்த எண் ரூட்டர் தானாக வழங்கும் எண் வரிசைக்குள் இருக்கக்கூடாது. கேமரா ரெக்கார்டருக்கோ பிரிண்டருக்கோ அதே எண் இருந்தாலும் தகராறுதான். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்?

இரண்டு, போர்ட் எண். வீட்டுக்குள் எந்த அறை என்பது போல. பெட்டியில் என்ன எண்ணோ அதையே கம்ப்யூட்டரிலும் கொடுக்க வேண்டும்.

மூன்று, யார் யாரைக் கூப்பிடுவது? 'சர்வர்' முறையில் பெட்டி காத்திருக்கும், கம்ப்யூட்டர் கூப்பிடும். 'கிளையன்ட்' முறையில் பெட்டியே கம்ப்யூட்டரைக் கூப்பிடும். நம் கடைக்குச் சர்வர் முறை போதும். பழைய பில் புரோகிராமுக்குக் காம் போர்ட்தான் தெரியும் என்றால், பெட்டியோடு வரும் மென்பொருளைப் போட்டு, கம்ப்யூட்டரில் ஒரு பாவனைக் காம் போர்ட்டை உண்டாக்கிக் கொள்ளலாம். சில பெட்டிகளில் அந்த மென்பொருளில் வைக்கும் செட்டிங் பெட்டிக்குள் இருப்பதை மீறி விடும். ஆகவே அங்கேயும் 7, ஈவன், 1 சரியா என்று பார்த்து விடுங்கள்.

இந்தச் செட்டிங்கை மாற்ற, கம்ப்யூட்டரின் பிரவுசரில் பெட்டியின் ஐ.பி. முகவரியை அடித்தால் அதன் பக்கம் திறக்கும். மாற்றிய பிறகு 'சேவ்' கொடுத்து, பெட்டியை அணைத்துப் போட வேண்டும். அணைத்துப் போட்ட பிறகும் மாற்றியது நிற்கிறதா என்று மறுபடி திறந்து பாருங்கள். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றி விடுங்கள். வீட்டிலிருந்து பார்க்கலாமே என்று இந்தப் பெட்டியை இன்டர்நெட்டுக்குத் திறந்து விடாதீர்கள். குடோன் சாவியைத் தெருவில் தொங்க விடுவதற்குச் சமம் அது.

எதுவுமே வரவில்லை என்றால்

கேபிளைப் பாருங்கள். கம்ப்யூட்டர் பக்கத்து ஒன்பது ஊசியில் 2 வாங்குவது, 3 அனுப்புவது, 5 பொதுக் கம்பி. ஒருவர் அனுப்புவது மற்றவர் வாங்கும் ஊசிக்குப் போக வேண்டும். இருவரும் அனுப்பும் ஊசியிலேயே சேர்ந்திருந்தால் இரண்டு பேரும் பேசுவார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். அப்போது 2-ஐயும் 3-ஐயும் மாற்றிப் போட்ட குறுக்குக் கேபிள் தேவை. எதுவென்று தராசுக் கையேட்டில் இருக்கும். கேபிளைச் சொருகும்போதும் கழற்றும்போதும் இரு பக்கமும் கரண்டை அணைத்து விடுவது நல்லது.

தராசு எப்போது அனுப்புகிறது என்பதையும் பாருங்கள். சில இடைவிடாமல் அனுப்பும். சில பட்டனை அழுத்தினால் மட்டும் அனுப்பும். சில கம்ப்யூட்டர் கேட்டால் அனுப்பும். இடைவிடாமல் அனுப்புவதில் ஒரு வில்லங்கம் உண்டு. மூட்டை ஆடிக் கொண்டிருக்கும்போதே வரும் எடை பில்லில் ஏறிவிடக் கூடாது. எடை நின்று விட்டதா என்பதற்குத் தனி அடையாளம் அனுப்பும் தராசுகள் உண்டு. அதைப் பார்த்த பிறகே எடுக்கும்படி புரோகிராம் எழுதுகிறவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அதோடு, புரியாத குறி ஒன்று வந்தாலும் அந்த எடையையே ஏற்காமல் நிறுத்தி, சத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் புரோகிராமில் இப்போது அப்படித்தான் மாற்றி வைத்திருக்கிறோம்.

ஒன்பது எண் சோதனை

இனி யார் வந்து இணைத்தாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். ஒரு கிலோ கல் ஒன்று, இரண்டு கிலோ கல் இரண்டு, ஐந்து கிலோ கல் ஒன்று. இந்த நாலு கல் போதும். 1, 2, 2+1, 2+2, 5, 5+1, 5+2, 5+2+1, 5+2+2 என்று மாற்றி மாற்றி வைத்தால் 1 முதல் 9 வரை எல்லா எண்ணும் வந்து விடும். ஒவ்வொரு முறையும் தராசின் முகப்பையும் கம்ப்யூட்டரையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் எழுதிக் கொள்ளட்டும். ஐந்து நிமிஷ வேலை. கரண்டை நிறுத்திப் போட்டு இன்னொரு தடவை செய்யுங்கள். பிறகு செட்டிங் முழுவதையும் ஒரு சீட்டில் எழுதி, தராசின் பக்கத்தில் ஒன்று, கணக்குப் பெட்டியில் ஒன்று வையுங்கள். அடுத்த தடவை மெக்கானிக் மாறினாலும் சீட்டு பேசும்.

முத்திரையில் கை வைக்காதீர்கள்

2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி எலெக்ட்ரானிக் தராசை ஆண்டுக்கு ஒரு முறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்பது நாம் அறிந்ததே. செட்டிங் மாற்றுவது பெரும்பாலும் தராசின் பட்டன்களிலேயே முடியும். முத்திரையை உடைத்துத் திறந்தால்தான் முடியும் என்று யாராவது சொன்னால், தராசை விட்டு விட்டுப் பெட்டியின் பக்கம் மாற்றச் சொல்லுங்கள். தராசு எப்படிப் பேசுகிறதோ அப்படிக் கேட்கும்படி பெட்டியைப் பழக்குவதுதான் சுலபம். எங்கள் கோளாறும் அப்படித்தான், தராசைத் தொடாமல், பெட்டியில் இரண்டே வரியை மாற்றித் தீர்ந்தது.

எங்கள் அப்பா காலத்தில் வீசையும் பலமும் போய் கிலோ வந்தபோது, வாடிக்கையாளர் கண்ணெதிரே இரண்டு தட்டையும் காட்டித்தான் நம்பிக்கையைச் சம்பாதித்தார்களாம். இப்போது தட்டு இல்லை, முள் இல்லை. ஆனாலும் தராசின் முகப்பை வாடிக்கையாளர் பக்கமும் திருப்பி வைக்கலாம். பில்லைக் கையில் கொடுக்கும்போது, "எடையை ஒரு தடவை பார்த்துக்குங்க" என்று சொல்லலாம். அன்று அந்தக் கடைக்காரர் வேறு கடைக்குப் போய் விடாமல் நம்மிடமே வந்து கேட்டாரே, அது எங்களுக்குக் கிடைத்த பாக்கியம். எல்லோரும் வந்து கேட்க மாட்டார்கள். ஆகவே நாமே ஒன்பது எண்ணையும் எண்ணிப் பார்த்து விடுவோம்.